கோமாளிகளின் கும்மாளமும் என் வகுப்பறையும்



இன்று பழைய வானொலி நகைச்சுவைத் தொடர் ஒன்றின் வரலாற்றை எழுத விழைகிறேன். நகைச்சுவைக்கும் நம் தமிழ்ப்பள்ளிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. அதைச் சொல்வதற்கு முன், வகுப்பறையில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் புதிதாகச் சேர்ந்தான். அவனுடைய தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு மணமாகி வந்தவர். "வீட்டுப்பாடம் முடித்துவிட்டாயா?" என்று கேட்டேன். "ஓம் டீச்சர், முடிச்சிட்டன்" என்றான். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் "ஓம் நமசிவாய" என்றது. வகுப்பே கொல்லென்று சிரித்தது. தடுக்க வேண்டிய நானும் சிரித்துவிட்டேன். அதோடு நில்லாமல், "ஆம் என்று சொல்ல வேண்டும், தம்பி" என்று திருத்தவும் செய்தேன்.

அதன்பிறகு அவன் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் அசைத்தான். கூச்சம் என்று எண்ணிக்கொண்டேன். பெற்றோர் சந்திப்பு நாளன்று அவன் தாயார் வந்தார். மதிப்பெண்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "டீச்சர், அவன் இப்ப வீட்டிலயும் ஓம் எண்டு சொல்லுறேல்லை. அம்மம்மா ஃபோன் எடுத்துக் கதைச்சால் இவன் வாயே திறக்கிறேல்லை. அவ என்னட்டக் கேட்டு அழுதவ" என்று மெல்லச் சொன்னார். யார் மீதும் அவர் குறை சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

'ஓம்' என்பது உடன்பாட்டைக் குறிக்கும் தமிழ்ச்சொல் என்று நம் அகராதிகளே கூறுகின்றன. தமிழாசிரியராகிய நான் ஒரு தமிழ்ச்சொல்லை ஒரு சிறுவன் வாயிலிருந்து பறித்திருந்தேன். அந்த இரவில்தான், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மறந்திருந்த கிராணி ஐயாவின் ஒலிநாடா என் நினைவுக்கு வந்தது.

கிராணி ஐயாவின் ஒலிநாடா

நான் குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். என் பெற்றோர் பால்மரம் சீவினார்கள். எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியார் யாழ்ப்பாண வழிவந்தவர். அக்காலத் தோட்ட அலுவலகங்களிலும் இரயில்வேயிலும் யாழ்ப்பாணத்தார் பலர் எழுத்தர்களாக இருந்தனர். ஜொகூர் இரயில் பாதை 1909இல் கெமாஸ் வரை முழுமையடைந்த காலத்திலிருந்தே அவர்கள் நம் மாநிலத்தின் இரயில் நிலையங்களில் பணியாற்றி வந்திருக்கிறார்கள்.

கிராணியாருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் இடையில் இருந்த தூரத்தைப் பழைய தலைமுறையினர் அறிவர். சம்பளப் பட்டியல் அவர் கையில். வெளிவாசலில் நிற்பவர்கள் நாங்கள். பிள்ளைகளாகிய எங்களால் முடிந்த ஒரே பழிவாங்கல், அவர் முதுகுக்குப் பின்னால் அவரைப் போலப் பேசிக் காட்டுவதுதான். அதில் நான் கெட்டிக்காரி!

அவர் பணி ஓய்வு பெற்றுக் குளுவாங் பட்டணத்தில் குடியேறிய பிறகு, ஏதோ ஒரு பாரத்தை நிரப்புவதற்காக அப்பா என்னையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். "பிள்ளையள், இதைக் கேளுங்கோ" என்று ஐயா ஒலிநாடா ஒன்றைப் போட்டார். கொழும்பிலிருந்த உறவினர் வானொலியிலிருந்து பதிவு செய்து அனுப்பியது. இலங்கை வானொலியின் 'கோமாளிகள் கும்மாளம்'.

கதை எனக்கு இப்போது நினைவில் இல்லை. குரல்கள் நினைவில் இருக்கின்றன. நான்கு பேர், நான்கு விதத் தமிழ். அவற்றுள் ஒன்று கிராணி ஐயாவின் பேச்சேதான்! நானும் தம்பியும் அடக்க முடியாமல் சிரித்தோம். பிறகு திடுக்கிட்டு ஐயாவைப் பார்த்தோம். எங்களைவிட உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தார் அவர்.

ஒலிநாடா முடிந்ததும் ஒரு செய்தி சொன்னார். "இதில ஐயராப் பேசுறவர் ஒரு முஸ்லிம். முஸ்லிமாப் பேசுறவர் முஸ்லிம் இல்லை. அடுத்தவன்ட பேச்சைப் பேச வேணுமெண்டால், முதல்ல அவன் கதைக்கிறதைக் காது குடுத்துக் கேக்க வேணும்." இதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்தாரா, இல்லையா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கொழும்பில் எழுந்த ஒலி

இனி வரலாற்றுக்கு வருவோம்.

இலண்டனில் பிபிசி 1922இல் தொடங்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1925 டிசம்பரில், கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிவிட்டது. தந்தித் துறையில் பொறியாளராக இருந்த எட்வர்டு ஆர்ப்பர் என்பவரே அதற்கு மூலகாரணர். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியக் கூட்டுப் படைத் தலைமையகம் தன் வீரர்களுக்காகக் கொழும்பில் வலிமை மிக்க ஒலிபரப்பு நிலையம் ஒன்றை அமைத்தது. போர் முடிந்தபின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. ஒரு சிறிய தீவின் வானொலி ஆசியாவின் பெரும்பகுதியில் ஒலித்ததற்கு அந்தப் போர்க்காலக் கருவிகளே காரணம்.

1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. 1952இல் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குக் கட்டுப்பாடு விதித்தார். பாட்டுக் கேட்க விரும்பிய தமிழ்நாட்டு மக்கள் கொழும்பின் பக்கம் திரும்பினர். 1957இல் விவித பாரதி தொடங்கப்பட்ட பிறகும் அந்தப் பழக்கம் முற்றாக மறையவில்லை. எஸ்.பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்களின் பெயர் கடல் கடந்தும் வீடுதோறும் அறிமுகமாகியிருந்தது.

பாட்டுக்கு இணையாக அங்கு நாடகமும் வளர்ந்தது. 'சானா' என்று அழைக்கப்பட்ட சண்முகநாதன் நாடகங்களைத் தயாரித்த காலத்தில், 'இலண்டன் கந்தையா' போன்ற தொடர்கள் யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழை வானொலிக்குக் கொண்டு வந்தன. மேடைத்தமிழே நாடகத்தமிழ் என்றிருந்த நாளில் இது சிறிய செயலன்று. அடுப்படியிலும் முற்றத்திலும் பேசும் மொழி ஒலிவாங்கியின் முன் நிற்கத் தகுதியுடையது என்பதைக் கேட்போர் முதன்முதலாக உணர்ந்தனர். வானொலிக்கலையைப் பற்றி 'ஒலிபரப்புக் கலை' என்று தமிழில் நூலே எழுதிய சோ. சிவபாதசுந்தரமும் அந்த வானொலியில் பணியாற்றியவர்தாம். இலண்டன் பிபிசியின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டியவரும் அவரே.

ஆங்கிலேயர் சிரித்த விதம்

அதே காலத்தில் பிரிட்டனிலும் வானொலி நகைச்சுவை செழித்திருந்தது. 1939 முதல் 1949 வரை டாமி ஆண்ட்லி நடித்த தொடர் போர்க்கால மக்களைச் சிரிக்க வைத்தது. 1951 மே மாதம் தொடங்கி 1960 ஜனவரி வரை ஒலித்த 'தி கூன் ஷோ' இன்னும் புகழ் பெற்றது. அதைப் பெரும்பாலும் எழுதிய ஸ்பைக் மில்லிகன் 1918இல் இந்தியாவின் அகமது நகரில் பிறந்தவர். பிரிட்டிஷ் இந்தியப் படைவீரரின் மகன். பூனாவிலும் இரங்கூனிலும் வளர்ந்தவர். அவருடன் பீட்டர் செல்லர்சும் ஹாரி சீகோம்பும் நடித்தனர். ஒரே நடிகர் அரை மணி நேரத்தில் பல குரல்களில் பேசுவார். கதவுச் சத்தமும் வெடிச் சத்தமும் காலடிச் சத்தமும்கூட அத்தொடரில் பாத்திரங்களாகவே இருந்தன.

அத்தொடரில் லால்காகா, பானர்ஜி என்று இரண்டு இந்தியப் பாத்திரங்கள் வந்தன. செல்லர்சும் மில்லிகனுமே இந்தியர்களைப் போல ஆங்கிலம் பேசி நடித்தனர். அது அன்பால் விளைந்த சிரிப்பா, ஏளனமா? இருவகையாகவும் சொல்லலாம். இந்தியாவில் வளர்ந்த மில்லிகனின் காதில் அந்தப் பேச்சு உண்மையாகவே ஒலித்திருக்கும். ஆனால், பிரிட்டனில் அப்போதுதான் குடியேறிய இந்தியர் ஒருவர் மறுநாள் காலை பேருந்தில் ஏறும்போது, பக்கத்து இருக்கைக்காரர் அதே தொனியில் பேசிக் காட்டினால் அவர் மனம் எப்படியிருக்கும்? அந்த நிகழ்ச்சியில் மறுமொழி சொல்ல அவருக்கு ஒலிவாங்கி தரப்படவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நம் ஜொகூருக்கும் இக்கதையில் சிறிய இடம் உண்டு. பிபிசியின் தூரகிழக்கு மறு ஒலிபரப்பு நிலையம் நெடுங்காலம் நம் தெப்ராவில்தான் இயங்கியது. 1970களின் இறுதியில்தான் அது சிங்கப்பூரின் கிராஞ்சிக்கு இடம் மாறியது. இன்று அங்காடிகளும் நெரிசலுமாக இருக்கும் தெப்ராவ் வட்டாரம் ஒரு காலத்தில் இலண்டனின் குரலை ஆசியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது!

நான்கு கோமாளிகள்

1970களில் இலங்கையில் இந்திய இதழ்களின் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. உள்நாட்டுத் தமிழ்ப் படைப்புகளுக்கு அப்போது புதிய தேவை பிறந்தது. 1972 முதல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் பெற்ற அந்த வானொலியில், எஸ். இராமதாஸ் எழுதிய 'கோமாளிகள் கும்மாளம்' தொடராக ஒலித்தது. அதன் முதன்மைப் பாத்திரங்கள் நான்கு.

1. மரிக்கார் - இலங்கை முஸ்லிம்களின் தமிழ் பேசுபவர். நடித்தவர் எஸ். இராமதாஸ்.

2. அப்புக்குட்டி - யாழ்ப்பாணத் தமிழ் பேசுபவர். நடித்தவர் டி. இராஜகோபால்.

3. உபாலி - தமிழைச் சிங்களவர் பேசுவது போலப் பேசுபவர். நடித்தவர் எஸ். செல்வசேகரன்.

4. ஐயர் - பிராமணத் தமிழ் பேசுபவர். நடித்தவர் பி.எச். அப்துல் ஹமீத்.

அப்துல் ஹமீதின் பெயரை அறியாத மலேசியத் தமிழர் குறைவு. 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியில் அவர் பேசிய தெளிந்த தமிழ் நம் பிள்ளைகளுக்கும் எடுத்துக்காட்டு. அவர்தாம் வானொலியில் ஐயராகப் பேசிச் சிரிக்க வைத்தவர்! இராமதாஸ் பிற்காலத்தில் 'மரிக்கார் இராமதாஸ்' என்றும், செல்வசேகரன் 'உபாலி செல்வசேகரன்' என்றுமே அழைக்கப்பட்டனர். அடுத்தவருடைய சமூகத்தின் பெயர் தம் பெயரின் முன்னால் வந்து அமர, அதை வாழ்நாள் முழுவதும் அவர்கள் ஏற்றுக்கொண்டனர்.

1976இல் அத்தொடர் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாக வெளிவந்தது. இயக்கியவர் எஸ். இராமநாதன். வானொலி நாடகம் ஒன்று திரைக்குச் செல்லும் அளவுக்கு மக்கள் அந்த நான்கு குரல்களை நேசித்தனர் என்பதற்கு இதுவே சான்று. 1978இல் 'ஏமாளிகள்' என்ற மற்றொரு படமும் வந்தது.

சிரிப்புக்குப் பின்னே

1976 என்ற ஆண்டைச் சற்றுக் கவனியுங்கள். அதே ஆண்டு மே மாதத்தில்தான் தமிழர் கட்சிகள் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றின. மறு ஆண்டு, 1977இல், தமிழர்களுக்கு எதிரான வன்முறை வெடித்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. பேச்சின் ஒலிப்பை வைத்தே ஒருவர் தமிழரா, சிங்களவரா என்று வீதியில் சோதித்துப் பார்த்ததாக அந்த நாட்களில் உயிர் பிழைத்தவர்கள் கூறியிருக்கிறார்கள். வானொலியில் சிரிப்புக்குரியதாக இருந்த அதே ஒலிப்பு வேறுபாடு, சில ஆண்டுகளில் உயிருக்கே கூற்றாயிற்று.

அப்படியானால் அந்த நகைச்சுவையால் என்ன பயன்? வானொலி நாடகம் கலவரத்தைத் தடுத்துவிடும் என்று நான் கூறவில்லை. தடுக்கவில்லை என்பதை வரலாறு காட்டிவிட்டது. ஆனால், ஒலிப்பு வேறுபாட்டை இரண்டு விதமாகக் கையாளலாம் என்பதை அந்த இரு காட்சிகளும் நமக்கு உணர்த்துகின்றன. ஒன்று, அதைக் கூர்ந்து கேட்டு, கற்று, தன் நாவில் ஏற்றுவது. மற்றொன்று, அதைக் கொண்டு ஆளை அடையாளம் கண்டு ஒதுக்குவது. என் வகுப்பில் அன்று நடந்தது இரண்டாவது வகையின் மிகச் சிறிய விதை. அதற்கு நீர் ஊற்றியவள் நான்.

அக்கலைஞர்களும் சிதறினார்கள். செல்வசேகரன் 2012இல் மறைந்தார். இராமதாஸ் 2016இல் சென்னையில் காலமானார். பேருந்து நடத்துநராகத் தனியொருவராய்ப் பேசி நடித்த 'அண்ணை றைற்' புகழ் கே.எஸ். பாலச்சந்திரன் 2014இல் கனடாவில் மறைந்தார். வானொலியின் இயல்பே காற்றில் கரைவதுதான். 'தி கூன் ஷோ'வின் தொடக்க ஆண்டுப் பதிவுகளில்கூட மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன. கிராணி ஐயாவின் ஒலிநாடா என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது. அவர் காலமான பிறகு பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள்.

நம் மண்ணில்

நம் நாட்டு வானொலிக்கும் நெடிய வரலாறு உண்டு. 1946 ஏப்ரல் முதல் நாள் சிங்கப்பூரில் மலாயா வானொலி தொடங்கியது. 1959 ஜனவரி முதல் அதன் தலைமை கோலாலம்பூருக்கு மாறியது. இன்று மின்னல் பண்பலையாக நாம் கேட்பது அந்த மரபின் தொடர்ச்சியே. ஜொகூர் பாரு மக்களுக்கு சிங்கப்பூரின் 'ஒலி'யும் காதில் விழும்.

நம் வகுப்பறைகளில் எத்தனை விதத் தமிழ் அமர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தோட்டத்துத் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், தமிழ் முஸ்லிம் வீட்டுத் தமிழ், தெலுங்கும் மலையாளமும் பேசும் வீடுகளிலிருந்து வரும் தமிழ், மலாய்ச்சொல் கலந்த பட்டணத்துத் தமிழ்... நம் தமிழ்மொழிக் கலைத்திட்டத்தில் கேட்டல், பேச்சு என்னும் திறன்கள் வாசிப்புக்கும் எழுத்துக்கும் முன்னால் நிற்கின்றன. ஆனால், நாம் பேச்சைத் திருத்தும் அளவுக்குக் கேட்டலைக் கற்பிக்கிறோமா?

மறுவாரம் நான் அந்த மாணவனிடம் வகுப்பின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். 'ஓம்' தவறான சொல் அன்று, நான் கூறியதே தவறு என்றேன். பிறகு வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து வானொலி நாடகம் தயாரிக்கச் சொன்னேன். நான்கு பாத்திரங்கள்: தோட்டத்துப் பாட்டி, யாழ்ப்பாணத் தாத்தா, மாமாக் கடை அண்ணன், சீன மளிகைக் கடைத் தவுக்கே.

முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். தவுக்கேயாக நடித்த மாணவன் வாயில் வந்ததை எல்லாம் உளறினான். எல்லாரும் சிரித்தார்கள். பள்ளிக்கு அருகில் இருந்த மளிகைக் கடைக்காரர் உண்மையில் அவனைவிட நன்றாகத் தமிழ் பேசுபவர்! அதனால் இரண்டு விதிகளைச் சேர்த்தேன்.

முதல் விதி: தன் வீட்டுப் பேச்சை யாரும் நடிக்கக் கூடாது, அடுத்தவர் பேச்சையே நடிக்க வேண்டும்.

இரண்டாம் விதி: அந்தப் பேச்சுக்கு உரியவர் கேட்டுவிட்டு, "சரி" என்று சொன்னால்தான் பதிவு செய்யலாம்.

இரண்டாம் விதிதான் வேலை செய்தது. தவுக்கே பாத்திரக்காரன் மாலையில் கடைக்குப் போய் நின்று கேட்டுவிட்டு வந்தான். யாழ்ப்பாணத் தாத்தாவாக நடிக்க வேண்டிய மாணவிக்கோ, அந்தப் பையனைத் தவிர வேறு ஆள் இல்லை. அவள் அவன் மேசைக்குப் போனாள். "எண்டு" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "என்று" என்றாள். அவன் தலையை ஆட்டினான். மீண்டும் சொன்னாள். மீண்டும் தலையை ஆட்டினான். மூன்றாம் முறை அவள் பொறுமை இழந்து, "வாயத் திறந்து சொல்லேன், எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டாள்.

அவன் சொல்லிக் கொடுத்தான். முதலில் மெதுவாக, பிறகு, அவள் விடாமல் பிழை விட்டதால், சற்று எரிச்சலோடும் உரக்கவும். வகுப்பில் அவனுடைய முழு வாக்கியத்தை நான் கேட்டது பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான். பிறகு அவள் கேட்டாள்: "இப்ப சரியா?"

"ஓம்" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தத்தம் வேலையில் இருந்தார்கள். நானும் தலைநிமிராமல் பயிற்சி நூலைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே! உங்கள் வீட்டிலோ, வகுப்பிலோ ஏதேனும் ஒரு தமிழ் வாய்மூடி அமர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், அவர்கள் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். கிராணி ஐயாவின் குரலை அப்படிப் பதிவு செய்து வைக்க அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. அவரைப் போலப் பேசிக் காட்ட மட்டும் எனக்கு இன்றும் வரும். அது சரியா என்று கேட்டுச் சொல்லத்தான் அவர் இல்லை.